விருந்தாளி உடைத்ததற்கு யார் பணம் கொடுப்பது?

ஊரிலிருந்து வந்த மச்சான் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டை இடித்துவிட்டார். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளை வாஷ்பேசினைப் பிடித்துத் தொங்கியதில் அது சுவரை விட்டுப் பெயர்ந்துவிட்டது. இப்படி ஏதாவது நடந்தால் வாடகைக்கு இருப்பவர் வாயில் முதலில் வருவது, "நான் உடைக்கலையே சார்." ஓனரைப் பொறுத்தவரை அது பதிலே இல்லை. அவர் வீட்டை உங்கள் மச்சானுக்கு வாடகைக்கு விடவில்லை, உங்களுக்குத்தான் விட்டார். ஆகவே ஓனர் உங்களைக் கேட்பார். நீங்கள் மச்சானைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமும் இந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத இடத்தில் பொருந்தும். வீட்டைக் கையில் வாங்கியபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. விதிவிலக்கு இரண்டே: நியாயமான தேய்மானம், தடுக்க முடியாத சக்தி. அதே உட்பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. குடியிருப்பவரோ அவருடைய வேலையாட்களோ முகவர்களோ உண்டாக்கிய பழுதை, ஓனர் அறிவிப்புக் கொடுத்த 3 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த வரி. 'விருந்தாளி' என்ற சொல் அதில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதம் ரொம்ப தூரம் போகாது. உட்பிரிவின் முதல் பாதி, உடைத்தது யார் என்று கேட்பதே இல்லை. வாங்கிய நிலையில் திருப்பிக் கொடு என்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அதன் 16ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. குடியிருப்பவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ சேதம் செய்யக் கூடாது, அப்படிப்பட்ட சேதத்துக்கு இடம் கொடுக்கவும் கூடாது, சேதம் நடந்தால் கூடிய சீக்கிரம் ஓனருக்குத் தெரிவிக்க வேண்டும். 'இடம் கொடுப்பது' என்பதில்தான் விருந்தாளி வந்து மாட்டுகிறார்.

இதோடு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையையும் ஒரு முறை படித்துவிடுங்கள். அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஒன்று இருப்பதையே அறியாதவர்கள். எந்தப் பழுது யார் தலையில் என்று அது பிரிக்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை, கீஸர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கதவுக் குமிழ், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பக்கம். விருந்தினர் கைபட்டு உடைகிற சாமான்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கின்றன. கண்ணாடியை உடைத்தது யார் என்று அரை மணி நேரம் சண்டை போட்டாலும், அக்ரிமெண்டில் வேறாக எழுதாவிட்டால், கண்ணாடி போடுவது உங்கள் வேலைதான்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் குடியிருப்பவரே பொறுப்பா? இல்லை. வீட்டுக்குள் வருகிறவர் எல்லோரும் உங்கள் விருந்தாளி ஆகிவிட மாட்டார். ஓனர் அனுப்பிய பிளம்பர், அடுத்த வாடகைக்கு ஆள் பார்க்க புரோக்கர் கூட்டிவருகிறவர்கள், ஓனரின் உறவினர், இவர்கள் உடைத்தால் அது ஓனர் கணக்கு. புரோக்கர் ஆள் கூட்டிவரும் நாட்களில் வீட்டில் யாராவது இருப்பது நல்லது. திருடன் பூட்டை உடைத்திருந்தால் அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு உங்களுடையது இல்லை என்று காட்ட அதைவிட நல்ல தாள் கிடைக்காது.

ஏற்கெனவே பழுதாக இருந்த பொருள் விருந்தாளி கையில் போவதும் உண்டு. சுவரில் மாட்டும் வாஷ்பேசின் இரண்டு போல்டிலோ இரண்டு பிராக்கெட்டிலோதான் நிற்கிறது. பெயர்ந்து விழுந்தால் முதலில் அந்த போல்டைப் பாருங்கள். துருப்பிடித்து மெலிந்து முறிந்திருந்தால் காரணம் பழமை. போல்ட் பளபளவென்று இருந்து, சுவரிலிருந்து ராவல் பிளக்கோடு (போல்டைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் வைக்கும் அடைப்பு) பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் யாரோ பாரம் கொடுத்திருக்கிறார்கள். பேசின் ஆடுகிறது என்று மூன்று மாதம் முன்பே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலம். வாய்வார்த்தையாகச் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம்.

குளியலறைத் தடுப்புக் கண்ணாடி இன்னொரு வகை. டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி, யாரும் தொடாமலே நொறுங்கலாம். தயாரிப்பின்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிந்து ஒரு நாள் வெடிக்கும். உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர்மேல் பழி விழும். பெருக்கித் தள்ளுவதற்கு முன் நொறுங்கல் எங்கிருந்து தொடங்கியது என்று தேடுங்கள். தொடக்கப் புள்ளியில் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டினாற்போல் இருந்தால் துகள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். போட்டோ எடுத்துவிட்டுப் பெருக்குங்கள். பெருக்கியபின் இதை நிரூபிக்கவே முடியாது.

யார் பொறுப்பு என்பது இப்படி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எவ்வளவு என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபறி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு நட்டத்துக்கு ஈடு தரச் சொல்கிறதே தவிர, பழையதற்குப் பதில் புதியதை வாங்கி ஓனர் லாபம் பார்க்கச் சொல்லவில்லை. வயதைக் கழிப்பதற்குச் சட்டத்தில் அட்டவணை எதுவும் கிடையாது. பேசித்தான் முடிக்க வேண்டும். ஹால் சுவர் முழுக்க ஒரு பிள்ளை கிரேயானால் கிறுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹாலுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க 8,000 ரூபாய் கொட்டேஷன். கடைசியாக அடித்து 3 ஆண்டு ஆகிறது, ஒரு முறை அடித்தால் 5 ஆண்டு தாங்கும் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறீர்கள். மீதி ஆயுள் ஐந்தில் இரண்டு பங்கு. கொடுக்க வேண்டியது 3,200. வீடு முழுவதற்கும் அடித்த பில்லை ஓனர் நீட்டினால், கிறுக்கல் இல்லாத பெட்ரூமுக்கு ஏன் என்று கேட்கலாம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் 'பெயிண்டிங் சார்ஜ்' என்று எப்படியும் பிடித்துக்கொள்ளும் ஓனரிடம், கிறுக்கலுக்குத் தனியாக இன்னொரு தொகை கொடுக்காதீர்கள். ஒரே சுவருக்கு இரண்டு தடவை காசு வாங்கியதாகிவிடும்.

தரை டைல் இதைவிடச் சிக்கல். 2 அடிக்கு 2 அடி டைல் ஒன்றில் இட்லிக் குண்டான் விழுந்து விரிசல் என்றால் மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். ஆனால் அதே ஷேடு கடையில் இருக்காது. மாடல் நின்றுபோயிருக்கும், இல்லாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் மாறி நிறம் லேசாக வேறுபடும். பரணிலோ மொட்டைமாடி அறையிலோ மிச்சம் வைத்த டைல் இருக்கிறதா என்று ஓனரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ இருக்கும் நல்ல டைலைப் பெயர்த்து நடு ஹாலில் போட்டு, புது டைலை மறைவிடத்தில் போடலாம். பெயர்க்கும்போது உடையலாம் என்பதால் மேஸ்திரி பயப்படுவார், கூலியும் இரட்டிப்பாகும். உடைந்த டைலை எடுக்கும்போது சுற்றியுள்ள இடுக்கைக் கிரைண்டரால் அறுத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உடைத்து வர வேண்டும். ஓரத்தில் உளி வைத்தால் பக்கத்து டைலின் விளிம்பும் பெயரும். அப்போது பில் ஒன்றிலிருந்து மூன்றாகும், அந்தக் கூடுதல் இரண்டும் மேஸ்திரி பொறுப்பு.

உடைந்த டைலுக்கு அக்கம்பக்கத்து டைல்களை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட டைல் சாதாரண அடிக்கே விரியும். முழுத் தொகையையும் விருந்தாளி தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதற்கு அந்தச் சத்தமே ஆதாரம். வீடியோவில் பதிந்து வைத்தால் பாதிக்குப் பாதி பேச இடம் கிடைக்கும்.

பூட்டு விஷயத்தில் அநியாயம் அதிகம். விருந்தாளி சாவியைத் தொலைத்தாலோ பூட்டுக்குள் முறித்தாலோ, கதவுக்குள் பதித்த மார்ட்டிஸ் பூட்டாக இருந்தால் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கைப்பிடி, தகடு, உள்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து முழு செட்டுக்கு வரும் பில்லை ஏற்காதீர்கள்.

தண்ணீர்ச் சேதம் வந்தால் தொகை பெரிதாகிவிடும், ஏனென்றால் கீழ்வீட்டுக்காரரும் உள்ளே வந்துவிடுவார். வழக்கமான கதை இது: குழாயில் தண்ணீர் வரவில்லை, விருந்தாளி திறந்ததை மூட மறந்து தூங்கிவிட்டார், விடியற்காலையில் மோட்டார் ஓடியது, பக்கெட் வழிந்தது, துணியோ முடியோ வடிகாலை அடைத்திருந்தது, வெள்ளம் ஹாலுக்கு வந்து கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் உங்களோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. ஆனாலும் கவனக்குறைவுக்காக உங்களையும் விருந்தாளியையும் நேரடியாகக் கேட்கலாம். நடைமுறையில் அவர் முதலில் பிடிப்பது உங்கள் ஓனரைத்தான்.

இந்தச் சமயத்தில் பழைய கசிவையும் புதிய வெள்ளத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நீட்டுவார்கள். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு முறை வழிந்த தண்ணீர் என்றால் ஈரம் திடீரென்று பரந்து தெரியும், அதன்பின் புதிதாகச் சொட்டாமல் சில வாரங்களில் காயும். வாட்டர்ப்ரூஃபிங் போன கழிப்பறை என்றால் சுவரில் உப்பு பூத்திருக்கும், மஞ்சள் வளையம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், குளிக்கும்போதெல்லாம் சொட்டும். சந்தேகம் தீர வேண்டுமானால் தரை வடிகாலை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள். கீழே புதிதாக ஈரம் வந்தால் தரையே கசிகிறது. அது கட்டடத்தின் பழுது, ஓனர் செலவு. மட்டம் ஒரு நூல் இறங்குவது ஆவியானதாகவும் இருக்கலாம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

கேட்டில் மோதிய கார் விஷயத்தில் பலர் கையில் இருக்கும் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். விருந்தாளியின் காரில் உள்ள மூன்றாம் நபர் காப்பீடு, பிறர் சொத்துக்கு உண்டாக்கிய சேதத்துக்கும் பொருந்தும். தனியார் கார் பாலிசியில் வழக்கமாக இதற்கு உச்சவரம்பு 7.5 லட்சம், இருசக்கர வண்டிக்கு 1 லட்சம். கட்டணத்தைக் குறைக்க 6,000 ரூபாய் வரம்பைத் தேர்ந்தெடுத்த பாலிசியாகவும் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். அதே கேட்டை நீங்கள் உங்கள் காரால் இடித்தால் இந்தக் காப்பீடு உதவாது. காப்பீடு எடுத்தவரின் சொந்தச் சொத்தையும் அவர் வசம் உள்ள சொத்தையும் அந்தப் பாலிசி விலக்குகிறது, வாடகை வீடு உங்கள் வசம்தானே இருக்கிறது. ஆனால் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர், மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் என்று சுற்ற வேண்டும். பத்தாயிரம் ரூபாய் வெல்டிங் வேலைக்கு யாரும் அதற்குப் போவதில்லை. காம்பவுண்டு சுவரே சாய்ந்து, தூணும் போய், தொகை லட்சத்தைத் தொட்டால் போகலாம்.

ஓனர் வீட்டுக்கே காப்பீடு எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வாகன மோதல், குழாயோ தொட்டியோ வெடித்தும் வழிந்தும் வரும் சேதம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். பேசின் உடைந்ததற்கெல்லாம் பொருந்தாது. காப்பீட்டு நிறுவனம் ஓனருக்குப் பணம் கொடுத்தபின், அவர் இடத்தில் நின்று சேதம் செய்தவரிடம் அதை வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. ஆகவே காப்பீடு இருக்கிறது என்பதால் உங்கள் பக்கம் தானாகத் தீர்ந்துவிடாது.

அபார்ட்மெண்டில் லிஃப்ட் கதவு, பொது வழி விளக்கு, பார்க்கிங் தூண் இவற்றில் சேதம் என்றால் அசோசியேஷன் பிளாட் ஓனருக்குத்தான் பில் அனுப்பும், ஓனர் உங்களுக்குத் திருப்பிவிடுவார். செலவுக்கான பில்லைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளி தவறு செய்தால் 5,000 அபராதம் என்று அக்ரிமெண்டில் எழுதியிருப்பது வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். 400 ரூபாய் விளக்குக்கு 5,000 நிற்காது.

இனி, உடைந்த அன்றே செய்ய வேண்டியவை. போட்டோ தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து ஒன்று. அதன்பின் ஓனருக்கு எழுத்தில் தகவல். "நேற்று இரவு 9 மணியளவில் வீட்டுக்கு வந்திருந்தவரின் கைபட்டுக் குளியலறைப் பேசின் விரிந்துவிட்டது. தண்ணீர் இணைப்பை மூடிவிட்டோம். உங்களுக்குத் தெரிந்த பிளம்பரை அனுப்புகிறீர்களா, நாங்களே சரிசெய்து பில் அனுப்பட்டுமா?" இந்த மூன்று வரி போதும். "தப்பு எங்களுடையதுதான், எவ்வளவானாலும் தருகிறோம்" என்று பதற்றத்தில் எழுதிவிடாதீர்கள். தொகையைப் பேச வேண்டிய நேரத்தில் அந்த வரிதான் எதிரே வந்து நிற்கும். நடந்ததை மறைப்பதும் வேண்டாம். விரிசலில் வெள்ளை சிமென்ட் பூசி மறைத்த பேசின் காலி செய்யும் நாளில் கசிந்து, உள்ளே அலமாரிப் பலகையும் ஊதியிருந்தால், அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள். பேச்சு நீதிமன்றம் வரை போனால் வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியாக வைக்க, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் செய்திகள் உள்ள மூல போனைப் பத்திரமாக வையுங்கள்.

வந்து பார்க்க வேண்டுமென்றால் ஓனர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் தடை. வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம். போலீசுக்குப் போவேன் என்ற மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டாம். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவில் சொத்துக்குச் சேதம் செய்வது குற்றமாக, வேண்டுமென்றோ சேதம் வரும் என்று தெரிந்தோ செய்திருக்க வேண்டும். கை தவறியது குற்றம் ஆகாது.

அட்வான்ஸில் பிடிப்பது கடைசிக் கட்டம். உடன்படிக்கையில் வேறாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது வாடகைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு. கழிப்பதற்குப் பொருள்வாரியாக எழுதிய கணக்கும் பில்லும் கேளுங்கள். 'மராமத்து 20,000' என்ற ஒற்றை வரியை ஏற்க வேண்டாம். சேதத்துக்கு ஈடாகக் கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்திவைப்பது குடியிருப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு. அட்வான்ஸ் பேச்சு அப்போது வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும்.

அக்ரிமெண்ட் புதிதாக எழுதுகிறவர்கள் இப்படி ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்: "வாடகைதாரர், அவருடன் வசிப்போர், அவருடைய வேலையாட்கள், அவர் அழைத்து வருவோர் ஆகியோரின் செயலாலோ கவனக்குறைவாலோ வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தர வேண்டும். இயல்பான தேய்மானமும் முன்பே எழுத்தில் தெரிவித்த பழுதுகளும் இதில் சேரா. தொகை, பொருளின் வயதைக் கழித்தபின் ஆகும் உண்மையான செலவாகும்." கடைசி வாக்கியத்தை ஓனர்கள் அடிக்கப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். குடிபுகும் நாளில் எடுத்த வீடியோவில் குழாய், கண்ணாடி, ஒவ்வொரு அறையின் தரை, பேசினின் அடிப்பக்கம் எல்லாம் வர வேண்டும்.

விருந்தாளியிடம் வாங்குவது எப்படி? சட்டப்படி கவனக்குறைவுக்காக அவரைக் கேட்கலாம். பெரியவர் உடைத்தால் அவரையே. சின்னப் பிள்ளை உடைத்தால் பெற்றோர் தானாகப் பொறுப்பாகிவிட மாட்டார்கள், அவர்கள் கவனிக்கத் தவறியதைக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் நம் வீடுகளில் யாரும் சித்தப்பாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில்லை. நடைமுறையில் பலிப்பது ஒன்றுதான்: அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பிளம்பரையோ கண்ணாடிக் கடைக்காரரையோ வரவழைத்து, கொட்டேஷனை அவர் எதிரிலேயே வாங்குவது. எதிரில் இருக்கும்போது பெரும்பாலானோர் தாங்களே ஜிபே செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பணம் கடைக்காரருக்கு நேராகப் போகட்டும், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஓனரிடம் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். பஸ் ஏறியபின் போனில் கேட்டால் தொகை பாதியாகும், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உறவு பாதியாகும். ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.